பல்லடத்துக்கு அப்புறம்

லோகப்பிரியா அந்தக் குழுவில் முதன்முதலாகக் கேட்டது ஒரு புத்தகம்தான்.

“வணக்கமுங்க. ஒரு ஊட்ல அஞ்சு பேர் இருந்து அதுல ஒருத்தர் போயிட்டா, செத்து இல்லீங்க, சும்மா கெளம்பிப் போயிட்டா, மிச்சம் இருக்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு சொல்ற புத்தகம் ஏதாச்சும் இருக்குதுங்களா? ரொம்பக் கட்டியா இல்லாம இருந்தா நல்லதுங்க. எனக்குப் பரீட்சை இருக்குது.”

‘என்ன படிக்கலாம்?’ என்பது குழுவின் பெயர். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸப்பிலேயே குடியிருந்ததால் ஃபேஸ்புக் அவளுக்குப் பத்திரமான இடமாகப் பட்டது. சொந்தப் பெயரைப் போடப் பயந்து ‘பூவாத்தாள்’ என்று போட்டிருந்தாள். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. பெயரையும் பூவையும் பார்த்த ஆட்கள் அவளுக்கு அறுபது வயது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

“பூவாத்தாள் அம்மா, இந்த வயதில் பரீட்சையா! தலைவணங்குகிறேன்” என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் எழுநூறு பக்க நாவல் ஒன்றைச் சொன்னார். அது வெறும் குப்பை என்றார் அடுத்தவர். அந்த இரண்டு பேரும் அவளுடைய கேள்விக்குக் கீழேயே ராத்திரி முழுக்கச் சண்டை பிடித்தார்கள். யுஸ்ரா என்ற பெயரில் இருந்த ஒருத்தி மட்டும், “புத்தகம் தெரியலம்மா. போனது யாரு?” என்று கேட்டிருந்தாள். ‘எங்கக்கா’ என்று தட்டிவிட்டு, அழித்துவிட்டு, ‘தெரிஞ்சவங்க’ என்று அனுப்பினாள் லோகா.

அக்கா மோகனப்பிரியா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கதிரேசன் கூடப் போனாள். கதிரேசன் டிப்ளமோ படித்தவன், நல்ல வேலையில் இருந்தவன். ஆனால் அவன் அப்பா இவர்களுடைய தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர். அந்த ஒரு காரணம் போதுமாயிருந்தது. அண்ணன் கிருபாசங்கரும் பெரியப்பா மகன் மதன்குமாரும் திருப்பூர், ஈரோடு, பெங்களூர் என்று காரில் தேடி அலைந்தார்கள். அப்போது பின்சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி கிடந்ததை லோகா பார்த்தாள். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களின் காரில் கம்பி கிடப்பது அதிசயம் இல்லை. ஆனால் அதன் ஒரு முனையில், பிடித்துக்கொள்ளத் தோதாக, துணி சுற்றியிருந்தது.

தேடல் ஓய்ந்த பிறகு வீட்டில் பேச்சும் ஓய்ந்தது. அக்காவின் போட்டோக்கள் சுவரிலிருந்து இறங்கின. அம்மா அன்புச்செல்வி ரேஷன் கார்டை எடுக்கும்போதுகூட அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொள்வாள். லோகா சாப்பிட்டாளா, படித்தாளா, போன் பார்க்கிறாளா என்று கேட்க ஆள் இருந்தது. அவளோடு பேசத்தான் ஆள் இல்லை.

அக்கா எங்கே இருக்கிறாள் என்பது அந்த வீட்டில் லோகா ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டு ஒரு நாள் மோகனா இவளைக் கூப்பிடச் சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்லியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு லோகா சத்தி பஸ் ஏறினாள். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு வாழைக்காய் மண்டி, அதை ஒட்டி ஒரு டெய்லர் கடை, கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. கதவு பளீரென்று மஞ்சளாக இருந்தது.

“ஸ்கூல் பஸ்சுக்கு அடிச்சு மிச்சமான பெயிண்ட்டு. சும்மா குடுத்தாங்கன்னு இவரு வாங்கிட்டு வந்துட்டாரு. கதவத் தொறந்தாப் புள்ளைங்க எறங்கி ஓடும்னு பாக்கறேன், ஒண்ணையும் காணோம்” என்று சிரித்தாள் அக்கா. கிளம்பும்போது டெய்லர் கடை நம்பரைப் பத்து தடவை சொல்ல வைத்து மனப்பாடம் செய்ய வைத்தாள். “போன்ல ஏத்திப்போடாத கண்ணு. உன்ற மண்டைலயே இருக்கட்டும்.”

புரட்டாசியில் அண்ணனுக்குப் பெண் அமைந்தது. பெண் பெயர் தேஜஸ்ரீ, ஐப்பசியில் கல்யாணம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “இணைச்சீருக்கு நீ உக்காரணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணின் கூறைப்புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் ஒரு முனையை அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். மூத்தவள் இருக்கும்போது இளையவள் அங்கே உட்கார மாட்டாள். சின்ன வயதில் அக்கா தலையணை உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “எனக்கு அண்ணன் என்ன சீர் குடுப்பான் சொல்லு பாக்கலாம்” என்று விளையாடியதை லோகா பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் ஒரு கதை எழுதினாள். வீட்டை விட்டுப் போன ஒருத்தி, தன் அண்ணனுடைய கல்யாண நாளில் எங்கோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, இந்நேரம் இணைச்சீர் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறாள். அக்காவே பேசுவது போல எழுதி, குழுவில் போட்டு, “எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, திட்டினாலும் பரவால்லைங்க” என்று கேட்டாள்.

திட்டினார்கள். கோவிந்தராஜுலு என்பவர் நீளமாக எழுதினார்: “அம்மா, உணர்ச்சி இருக்கிறது, ஊர் இல்லை. அவள் இருப்பது எந்த மாதிரி அறை? ஜன்னலில் என்ன தெரிகிறது? கதவு என்ன நிறம்? பிறந்த வீட்டில் மாடா, நாயா, என்ன இருந்தது? அதற்குப் பேர் உண்டா? இதெல்லாம் இல்லாமல் வெறுமனே ‘அழுதாள்’ என்றால் நான் ஏன் நம்ப வேண்டும்?”

அதைப் படித்ததும் லோகாவுக்கு முகம் சுட்டது. இரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. மறுநாளே எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். பாலம் வந்தது, வாழைக்காய் மண்டி வந்தது, டெய்லர் கடை வந்தது, ஸ்கூல் பஸ் மஞ்சள் கதவு வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் போடவில்லை. அது போதும் என்று நினைத்தாள். நாயையும் பேரோடு போட்டாள்.

இந்தத் தடவை பாராட்டு கொட்டியது. “கதவை மறக்கவே முடியாது” என்றார்கள். கோவிந்தராஜுலு “இதுதான் எழுத்து” என்ற இரண்டே சொல் எழுதினார். லோகா அதை அன்று முழுவதும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பூவாத்தாளுக்கு வந்த பாராட்டு என்றாலும், அவளுக்குத்தானே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்பா காளிச்சாமி விலாசம் சொல்ல, அண்ணன் எழுதினான். மதன்குமார் அடுக்கி வைத்தான். அத்தை பழனியாத்தாள் வேலை செய்ய வந்தவள், சோபாவில் உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். வாசல் நிலைக்குக் குறுக்கே நாய் படுத்திருந்தது.

“ஏனுங்ணா, நேத்து நம்ம வாட்ஸப் குரூப்ல ஒண்ணு போட்டேனே, ஒருத்தரும் பாக்கலியா?” என்றாள் அத்தை. “நம்ம இணைச்சீரப் பத்தி என்ன அருமையா எழுதியிருக்குது தெரியுமா? படிச்சுப்போட்டு எனக்கு அழுவாச்சியே வந்திருச்சு.”

“அத்தை, உங்களுக்குக் கேஸ் பில்லு படிச்சாலே அழுவாச்சி வரும்” என்றான் மதன்குமார்.

“அட படிடா, சும்மா வேக்கியானம் பண்ணாம. நம்ம சீரு செறப்பெல்லாம் இந்தக் காலத்துல எவன் எழுதறான்? உன்ற பொண்டாட்டிக்கும் அனுப்பியுடு, ரெண்டு எழுத்து தெரிஞ்சுக்கட்டும்.”

மதன்குமார் போனை எடுத்து, ரேடியோவில் நியூஸ் வாசிப்பது போல உரக்க ஆரம்பித்தான். “படித்ததில் பிடித்தது. கும்புடற கை, கும்புடற கை, பூவு. ‘இன்னிக்கு எங்கண்ணனுக்குக் கண்ணாலம். இன்னேரம் என்ற தங்கச்சி அவன் பக்கத்துல உக்காந்திருப்பா. கூறைப்பொடவைய இடுக்கத் தெரியாம இடுக்கிட்டு…’”

லோகாவின் விரல் மஞ்சள் கிண்ணத்தில் அப்படியே நின்றது.

அவனுக்கு வாசிக்க வாசிக்கக் குஷி ஏறியது. பாலத்தை வாசித்தான். மண்டியை வாசித்தான். மஞ்சள் கதவு வந்தபோது, “ஏம்ப்பா, ஊடா, ஸ்கூலா?” என்று சிரித்தான். “‘பந்தி முடிஞ்சு எலை போடற எடத்துல கலெக்டர் காத்துட்டிருப்பாரு.’ எலை பொறுக்கறதுக்குக் கலெக்டரா? நல்ல கதையா இருக்குதே. ‘வாலை ஆட்டிட்டு, ஒத்தக் காதைத் தூக்கிட்டு…’”

நிறுத்தினான்.

தன் பெயரைக் கேட்டு வாசலில் படுத்திருந்த கலெக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு எப்போதும் ஒரு காது மட்டும்தான் நிற்கும்.

மின்விசிறிக் காற்றில் ஒரு பத்திரிகை பறந்து போய் அப்பாவின் காலடியில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“நாய்க்குக் கலெக்டர்னு பேர் வெச்ச ஊடு இந்த ஜில்லாவுல எத்தன இருக்கும்?” என்றான் மதன்குமார் மெதுவாக.

“அவதான்.” அண்ணன் பேனாவை மூடினான். “ஓடிப் போனதும் இல்லாம ஊட்டு மானத்த ஊரெல்லாம் படிக்க எழுதிப்போடறா.”

“அவளேதான் எழுதினான்னு என்னடா நிச்சயம்?” என்று அப்பா கேட்டார்.

“வேற யாரு எழுதுவா? இவளா?” அண்ணன் லோகாவைத் தாடையால் காட்டினான். “இவளுக்கு லீவ் லெட்டரே நாந்தான் எழுதிக் குடுக்கறேன்.”

அத்தைகூடச் சிரித்தாள். லோகா தலையைக் குனிந்து அடுத்த பத்திரிகையில் மஞ்சள் வைத்தாள். நான்கு மூலையில் வைப்பதற்குப் பதில் நடுவில் வைத்துவிட்டாள்.

“ஆத்துப் பாலம், வாழக்கா மண்டி…” மதன்குமார் கண்ணை மூடி யோசித்தான். வாழைத்தார் வாங்க வாரம் ஒரு தடவை அந்தப் பக்கம் போகிறவன் அவன். “சத்திதாண்டா. அந்த மண்டியக்கூடத் தெரியுமாட்ட இருக்குது. புதங்கெழம கோபிக்குப் பத்திரிக குடுக்கப் போறோமில்ல? அப்படியே ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்.”

“கண்ணால வேலய வெச்சுட்டு இப்ப அதெல்லாம் எதுக்குடா…”

“நீங்க சும்மா இருங்ப்பா. அன்னைக்கும் இப்படித்தான் சும்மா இருந்தீங்க” என்றான் அண்ணன்.

அப்பா சும்மா இருந்தார். 

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு லோகா கதையை அழித்தாள். குழுவில் அழிந்தது. அத்தையின் போனில், மாமன் போனில், யார் யாரோ போனில் அது பூவும் கும்பிடும் கையுமாக உட்கார்ந்திருந்தது. கை கழுவக் கழுவ மஞ்சள் போகவில்லை.

அன்று ராத்திரி போர்வைக்குள் அவள் குழுவில் எழுதினாள். எழுத்துப் பிழை, புள்ளி, எதையும் பார்க்கவில்லை.

“தயவு செஞ்சு இதைப் படிங்க. நான் போட்டது கதை இல்லீங்க. அது எங்கக்கா. அந்தக் கதவு நெசம். நீங்க எல்லாரும் கேட்டீங்கன்னுதான் எழுதுனேன். இப்ப எங்க ஊட்ல அதைப் படிச்சுப்போட்டாங்க. புதங்கெழம அக்காவைத் தேடிப் போறாங்க. கார்ல கம்பி வெச்சிருப்பாங்க. நான் அம்மா இல்லீங்க, ப்ளஸ் டூ படிக்கிறேன். எனக்கு யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க. பயமா இருக்குதுங்க.”

உடனே பதில்கள் வந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அபாரம்! கதைக்குள் கதை!”

“அம்மா, பதினேழு வயதுப் பெண்ணின் குரலை எப்படிப் பிடித்தீர்கள்? புல்லரித்தது.”

“கம்பி என்ற ஒற்றைச் சொல்லில் மொத்த வன்முறையையும் சொல்லிவிட்டீர்கள்.”

கோவிந்தராஜுலு எழுதியிருந்தார்: “நல்ல உத்தி. ஆனால் ‘பயமா இருக்குதுங்க’ என்ற கடைசி வரி வேண்டாம். அதை வாசகனே உணர்வான்.”

லோகா போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த அறையில் அண்ணன் குறட்டை விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தனிச் செய்தி வந்தது. யுஸ்ரா.

“நிஜமா?”

“நெசமுங்க.”

“அக்காவுக்கு போன் பண்ணு.”

“அக்காகிட்டப் போன் இல்லீங்க. ஒரு கடை நம்பர் இருக்குது. என்ற போன்ல பண்ணுனா அண்ணன் பாத்துருவான். காலைல வெளிய இருந்துதான் பண்ணனும்.”

“போலீஸுக்குச் சொல்லலாமே. பெண்களுக்கு உதவி நம்பர் இருக்கு.”

“ஊட்டுக்கு வந்து விசாரிச்சாங்கன்னா நாந்தான்னு தெரிஞ்சுருங்க.”

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. பிறகு வந்தது: “நான் உன்னை விட நாலு வயசுதான் பெரியவ. எனக்கும் சரியாத் தெரியல. ஆனா அவங்க அந்தக் கதையை நம்பித்தானே போறாங்க? அக்கா எழுதினதுன்னுதானே நினைக்கிறாங்க? அப்போ அக்கா இன்னொண்ணு எழுதட்டும். நாள் கிடைக்கும். காலைல முதல்ல போன் பண்ணு, மறக்காதே.”

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடையிலிருந்து மனப்பாட நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. இடைவேளையில் அழுத்தினாள், சாயங்காலம் அழுத்தினாள். அதையேதான் சொன்னது.

“ஏங் கண்ணு, பையன் நம்பரா?” என்றாள் கடைக்கார அக்கா.

“இல்லீங்க்கா. டெய்லரு. பிளவுஸ் குடுத்திருக்குது.”

“டெய்லருன்னா எவன் எடுப்பான், கண்ணாலம் முடிஞ்சுதான் எடுப்பான்.”

அன்று வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லோகா இரண்டாம் பாகத்தை எழுதினாள். அத்தைக்குப் பிடிக்க வேண்டும் என்று கூறைப்புடவையின் பெருமையை முதல் பத்தி முழுக்க வைத்தாள். பிறகு வீடு மாற்றினாள். ‘அந்த மஞ்சக் கதவு ஊட்ட உட்டு வந்து ஆறு மாசமாச்சு. இப்ப உக்கடத்துல, கொளத்துக்குப் பக்கத்துல. கீழ பழைய பேட்டரி கடை. ஆசிட்டு நெடி மேல வரைக்கும் அடிக்கும். மாடிப்படில மூணாவது படி ஒடஞ்சிருக்கும், தெரியாதவங்க தடுக்கி உழுவாங்க.’ இல்லாத படியை எழுதும்போது அவளுக்கே கால் தடுக்கியது போல இருந்தது.

ஆனால் இதை அக்கா எழுதியதாக வீட்டில் நம்ப வேண்டுமே. கலெக்டரை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று வேண்டும். அவளிடம் அப்படி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கொடுக்க மனசே இல்லை.

இடி என்றால் லோகாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஆகாது. இடி இடித்தால் அக்காவின் போர்வைக்குள் போய்விடுவாள். அக்கா இவள் காதில் வாயை வைத்துக் கண்டக்டர் போல ஸ்டாப்புகளைச் சொல்லுவாள். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சிந்தாமணிப்புதூர், சூலூர், காரணம்பேட்டை, பல்லடம். பல்லடத்துக்கு அப்புறம் என்ன என்று லோகாவுக்குத் தெரியாது. அதற்குள் தூங்கிவிடுவாள். “ரெண்டு பேரும் ராத்திரில எந்த ஊருக்கு டிக்கெட் போடறீங்க?” என்று அப்பா அடுத்த அறையிலிருந்து கேட்பார்.

அதை எழுதினாள். ‘இப்ப இடி இடிச்சா அவளுக்கு யார் சொல்றாங்களோ’ என்று முடித்தாள். குழுவில் போட்டு, பிடித்திருந்தால் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்கக் காத்திருந்தாள். டெய்லர் போன் எடுக்கவில்லை. குடும்பக் குரூப்பில் காலை வணக்கமும் மூட்டு வலிக்குக் கஷாயமும் வந்தன, கதை வரவில்லை. சாயங்காலம் அண்ணன் காரைக் கழுவினான். பின்கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு மூடினான்.

விளக்கு வைத்த பிறகு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை பழனியாத்தாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“டேய் கிருபா! ரெண்டாவது வந்திருக்குதுடா!”

மதன்குமாரைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவன் வாசித்தான். இந்தத் தடவை ரேடியோ குரல் இல்லை. பஸ் ஸ்டாப்புகள் வந்தபோது அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா எழுந்து வெளியே போனார். கலெக்டர் பின்னாலேயே போனது.

“ஊடு மாத்திட்டாளாமா. நல்லவேள, சத்திக்குப் போயி வாயப் பொளந்துட்டு நின்னிருப்போம்” என்றான் மதன்குமார். “உக்கடத்துலயே உக்காந்துட்டு, பாத்தியா, நம்ம கண்ணு முன்னாலயே!”

“நாளைக்குக் கோபி வேண்டாம். உக்கடம்” என்றான் அண்ணன்.

புதன்கிழமை அவர்கள் உக்கடத்தில் பேட்டரி கடை பேட்டரி கடையாக ஏறி இறங்கினார்கள். அதே நேரத்தில் லோகா ஜெராக்ஸ் கடையிலிருந்து அழுத்தியபோது டெய்லர் கடையில் போனை எடுத்தார்கள். டெய்லர் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவருடைய சம்சாரம் மாடிக்குக் குரல் கொடுக்கும் சத்தமும், செருப்பு தடதடவென்று இறங்கும் சத்தமும் கேட்டன.

“லோகா? என்னாச்சு கண்ணு?”

லோகா மூச்சு விடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள்.

“நீ அழுவாத. அவரு வந்ததும் கெளம்பிடறோம். எடுக்கறதுக்கு என்ன இருக்குது, ஒரு கேஸ் அடுப்பு, ரெண்டு பை.”

“எங்கக்கா போவீங்க?”

“அத இனி உனக்குச் சொல்ல மாட்டேன் சாமி.”

“இனி எழுத மாட்டேன்க்கா. சத்தியமா.”

“அதுக்கில்ல. தெரிஞ்சா உனக்குத் தாங்காது. என்னைக்காச்சும் கேட்டு மெரட்டுவாங்க. தெரியாதுன்னா தெரியாதுதான்.” பிறகு குரலைத் தணித்தாள். “அந்தக் கதைய டெய்லரக்கா போன்லயும் வந்துச்சு. பழனிக்குப் போறதுக்கு முன்னால எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. கதவு வந்ததும் ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. நீயாத்தான் இருக்கும்னு தெரியும். நல்லாத்தான் எழுதியிருந்த. ஒண்ணுதான் தப்பு.”

“என்னங்க்கா?”

“நான் அழுதேன்னு போட்டிருந்தியே. நான் எங்கடி அழுவப்போறேன். கண்ணாலத்தன்னிக்கு நான் வாழக்கா பஜ்ஜி போடலாம்னு இருந்தேன்.”

லோகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் லைன் போய்விட்டது. கடைக்கார அக்கா, “பிளவுஸ் ஆச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சுங்க்கா.”

உக்கடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அண்ணன் கொதித்தான். “பொய்யி. படி ஒடஞ்ச ஊடே அங்க கெடையாது. முந்தி எழுதினதுதான் நெசம்.” வெள்ளிக்கிழமை இருவரும் சத்திக்கே போனார்கள். லோகா அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்றாள், காய்ச்சலும் அடித்தது. ராத்திரி அவர்கள் வந்தபோது மதன்குமார் போனை எல்லாருக்கும் காட்டினான். லோகாவிடமும் நீட்டினான்.

பளீரென்ற மஞ்சள் கதவு. அதில் ஒரு பூட்டு.

“ரெண்டு நாள் முன்னாடிதான் காலி பண்ணுனாங்களாமா. கொஞ்சத்துல தப்பிச்சுட்டா” என்றான். பிடிக்கப் போன கோழி ஒன்று தப்பிய மாதிரிதான் சொன்னான்.

அம்மா அந்தப் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, பூட்டையும் கதவையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “சாப்பிட வாங்க” என்றாள்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. லோகா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கூறைப்புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கதையில் எழுதியது போலவே அது சரிந்து சரிந்து போனது. சடங்கை நடத்திவைக்கும் சீர்காரம்மா அதட்டினாள்: “நல்லா இடுக்கு அம்மணி, கோழிக்குஞ்ச புடிச்சாட்டம் புடிக்கறயே.” புடவையின் மறுமுனையை அண்ணன் விரல்கள் பற்றியிருந்தன. பட்டறையில் காய்த்துப்போன விரல்கள். அவன் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். பாசமான சிரிப்புதான். அவள் குனிந்து புடவையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டாள். எங்கோ ஒரு ஊரில் இந்நேரம் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

குழுவில் பூவாத்தாளை இன்னும் தேடினார்கள். மூன்றாம் பாகம் எப்போது என்று கேட்டார்கள். அவள் முதல் கதையை மறுபடியும் எழுதிப் போட்டாள். பாலத்தை எடுத்துவிட்டாள், மண்டியை எடுத்துவிட்டாள், கலெக்டரை எடுத்துவிட்டாள். ‘ஒரு வீடு, ஒரு கதவு’ என்று மட்டும் வைத்தாள். “முன்பிருந்த உயிர் இதில் இல்லை அம்மா” என்று வருத்தப்பட்டார் கோவிந்தராஜுலு. “இருக்கட்டுமுங்க” என்று பதில் போட்டாள்.

யுஸ்ரா மட்டும் தனியே கேட்டாள், “அக்கா?”

“போயிட்டாங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. நல்லாருக்காங்கன்னு நெனைக்கிறேன்.”

கல்யாண வீட்டுக் கூட்டம் வடிந்த மறுவாரம் மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர இடித்தது. லோகா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சிந்தாமணிப்புதூர், சூலூர், காரணம்பேட்டை, பல்லடம். தூக்கம் வரவில்லை. மறுக்கா முதலிலிருந்து சொன்னாள். பல்லடத்தில் பஸ் நின்றுபோனது.

போனை எடுத்துக் குழுவில் எழுதினாள்.

“ஏனுங்க, புத்தகம் இல்லீங்க, வேற ஒண்ணு கேக்கணும். சிங்காநல்லூர்ல இருந்து கெழக்க போற பஸ்சு, பல்லடத்துக்கு அப்புறம் எங்கெங்க நிக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

இதையும் கதை என்று யாராவது பாராட்டுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. வானம் மறுபடி உறுமியது.

“காங்கயம்” என்று யாரோ எழுதினார்.

“அப்புறம் வெள்ளகோவில். எங்க மாமியார் ஊர்.”

“தென்னிலையை விட்டுட்டீங்களே. அங்கே டீக்கு நிறுத்துவான்.”

“கரூர்” என்று கோவிந்தராஜுலு எழுதினார், வேறு அறிவுரை எதுவும் இல்லாமல்.

“குளித்தலை.”

“திருச்சி வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க” என்றது ஒரு பெயர்.

“இறங்காதீங்க, தஞ்சாவூர் பஸ் ரெடியா நிக்குது” என்றாள் யுஸ்ரா.

லோகா ஒவ்வொரு பெயரையும் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டாள். முகம் தெரியாத ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா இதில் எந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பாள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று இருந்தாள். போன் வெளிச்சம் தானாக அணைந்தபோது, பஸ் கடல் பக்கமாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.